பொதிக்கோப்பு வடிவங்களும் பல்வடிவப் பொதிகருவியின் அமைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கணினியில் உருவாகும் எழுத்தும் படமும் ஒலியும் கோப்புகளாகவே நிலைபெறுகின்றன. அக்கோப்புகள் பலவற்றை ஒன்றாகக் கட்டி, இடம் குறையுமாறு சுருக்கி, பிறருக்கு அனுப்பவோ நெடுநாள் காத்து வைக்கவோ பயன்படுத்துகிறோம். இவ்வாறு கட்டப்பட்ட கோப்பினைப் 'பொதிக்கோப்பு' என்றும், அதனைக் கட்டவும் அவிழ்க்கவும் உதவும் மென்பொருளைப் 'பொதிகருவி' என்றும் இக்கட்டுரையில் வழங்குகிறோம். டார், ஸிப், ரார், 7-ஸெட் முதலியன இன்று பெருவழக்கில் உள்ள பொதி வடிவங்கள் ஆகும்.

பொதிக்கோப்பு கணினித் துறையினர்க்கு மட்டும் உரிய பொருள் என்று கருதுதல் பொருந்தாது. மைக்ரோசாப்ட் வேர்ட் 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இயல்பாகச் சேமித்துவரும் ஆவணம் உண்மையில் ஒரு ஸிப் பொதியே. மின்னூலுக்குரிய இபப் வடிவமும் அத்தகையதே. ஆசிரியர் ஒருவர் வினாத்தாளைத் தட்டச்சிட்டுச் சேமிக்குந்தோறும் தம்மை அறியாமலே ஒரு பொதியைக் கட்டுகிறார்.

பல வடிவங்களையும் ஏற்கும் ஒரு பொதிகருவி எவ்வாறு அமைக்கப்படுகிறது, அவ்வமைப்பு வரலாற்றின் எந்நிகழ்வுகளால் உருப்பெற்றது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. ஒரு வடிவத்தின் ஆயுளைப் பெரிதும் முடிவு செய்வது அதன் இலக்கணம் வெளியிடப்பட்டதா என்பதே என நிறுவுதல் இதன் நோக்கமாகும்.

காந்த நாடாவும் டார் வடிவமும்

யூனிக்ஸ் இயங்குதளத்தின் 1971ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே 'ஏ.ஆர்.' என்னும் பொதிகருவி இடம்பெற்றிருந்தது. எனினும் இன்றுவரை வழக்கில் நிற்பதும் பிற்கால அமைப்புகளுக்கு அடிகோலியதும் 1979இல் ஏழாம் பதிப்புடன் வெளிவந்த டார் ஆகும். காந்த நாடாவில் கோப்புகளைக் காத்துவைத்தல் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அப்பெயர்.

நாடா முன்னோக்கி ஓடும் இயல்பினது. வேண்டிய இடத்திற்குத் தாவிச் செல்லுதல் அதில் எளிதன்று. ஆதலின் டார் வடிவம் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னே 512 பைட்டு அளவுள்ள ஒரு தலைப்பகுதியை வைத்தது. கோப்பின் பெயர், அளவு, உரிமையாளர், இறுதியாகத் திருத்தப்பட்ட நேரம் ஆகியன அதில் அடங்கும். அதனைத் தொடர்ந்து கோப்பின் உள்ளடக்கம் வரும். பின்னர் அடுத்த தலைப்பகுதி வரும். பொதி முழுமைக்கும் பொதுவான பொருளடக்கம் ஒன்றும் இல்லை. நூலின் இறுதி இயலைக் காண முதல் ஏட்டிலிருந்து புரட்டிச் செல்ல வேண்டிய நிலையோடு இதனை ஒப்பிடலாம்.

டார் கட்டும் பணியை மட்டுமே செய்தது. சுருக்கும் பணியை வேறொரு நிரலிடம் விட்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. முதலில் டார் கட்டும். பின்னர் அக்கட்டு முழுவதையும் மற்றொரு நிரல் சுருக்கும். சுருக்கும் முறை காலந்தோறும் மாறினும் கட்டும் முறை மாறாது நின்றமைக்கு இப்பிரிவினையே காரணமாகும்.

ஆர்க் வழக்கும் ஸிப்பின் தோற்றமும்

தனிநபர் கணினிகளில் வளர்ந்த மரபு இதனின் வேறுபட்டது. நெகிழ்தட்டுகளின் கொள்ளளவு சிறியது, தொலைபேசி வழித் தரவு அனுப்புதல் மெதுவானது, செலவும் மிகுந்தது. ஆதலின் கட்டுதலையும் சுருக்குதலையும் ஒரே கருவி செய்ய வேண்டியிருந்தது. 1985இல் அமெரிக்காவின் சிஸ்டம் என்ஹான்ஸ்மெண்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த தாம் ஹெண்டர்சன் உருவாக்கிய ஆர்க் அவ்வகையில் பெருவழக்குப் பெற்றது. ஃபிலிப் காட்ஸ் என்பார் அதே வடிவத்தைக் கையாளும், ஆனால் விரைவு மிக்க, மற்றொரு கருவியை வெளியிட்டார். இதன் விளைவாக 1988இல் பதிப்புரிமை, வணிகக்குறி ஆகியவற்றின்பேரில் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்கு அவ்வாண்டிலேயே உடன்பாட்டில் முடிந்தது.

காட்ஸ் 1989இல் ஸிப் என்னும் புதிய வடிவத்தை வெளியிட்டார். வடிவத்தின் முழு இலக்கணத்தையும் ஓர் உரைக்கோப்பாக எழுதி, எவரும் பயன்படுத்திக் கொள்ளலாம் என அவர் வெளியிட்டமையே அந்நிகழ்வின் சிறப்பு எனலாம். பிறர் எழுதிய கருவிகளும் ஸிப் பொதியைப் படிக்கவும் எழுதவும் அதனால் வழி பிறந்தது. காட்ஸ் 2000ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளான 'பி', 'கே' என்னும் இரண்டும் ஸிப் பொதியின் தலைப்பகுதிகளில் அடையாளமாக இன்றும் பொறிக்கப்படுகின்றன.

ஸிப் வடிவத்தில் பொருளடக்கம் பொதியின் இறுதியில் அமைகிறது. கருவி முதலில் இறுதிப் பகுதியைப் படித்து, எக்கோப்பு எங்கே உள்ளது என அறிந்து, வேண்டியதை மட்டும் எடுக்க இயலும். அதே வேளையில், முழுப் பொதியும் வந்து சேரும் முன்னர் அப்பொருளடக்கத்தைக் காண இயலாது என்பது இதன் குறை. டார், ஸிப் ஆகிய இரண்டும் எதிரெதிரான வசதிகளை உடையன என்பதே பல்வடிவக் கருவியை அமைப்போர் எதிர்கொள்ளும் முதற்சிக்கலாகும்.

சுருக்கும் முறைகளும் காப்புரிமையும்

இஸ்ரேலைச் சேர்ந்த ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் சிவ் ஆகிய இருவரும் 1977, 1978ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட இரு கட்டுரைகளே பிற்காலச் சுருக்கமுறைகள் பலவற்றுக்கும் மூலம். முன்னர் வந்த தொடர் மீண்டும் வருமிடத்து அதனை மறுபடியும் எழுதாமல், முன்வந்த இடத்தைச் சுட்டி அமைதல் 1977ஆம் ஆண்டுக் கட்டுரையின் அடிப்படைக் கருத்தாகும். 1978ஆம் ஆண்டு முறையை டெர்ரி வெல்ச் 1984இல் செம்மைப்படுத்தினார். அம்முறைக்குரிய காப்புரிமையைப் பின்னர் யூனிசிஸ் நிறுவனம் வலியுறுத்தியது. அமெரிக்காவில் அக்காப்புரிமை 2003ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் காலாவதியானது.

காப்புரிமைத் தடையில்லாத முறையை நாடிய முயற்சியின் பயனாக 1992இல் ழான்-லூ கெய்லி, மார்க் ஆட்லர் ஆகியோரின் ஜிஸிப் வெளிவந்தது. ஸிப் வடிவத்திற்கென உருவான 'டிஃப்லேட்' சுருக்கமுறையையே இதுவும் கைக்கொண்டது. அம்முறையின் இலக்கணம் 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் இணையத் தரநிலை ஆவணங்களின் வரிசையில் 1951ஆம் எண்ணுடன் வெளியிடப்பட்டது. ஒரே சுருக்கமுறை இருவேறு பொதிமரபுகளிலும் வழங்கியமையால், சுருக்கத்தைத் தனி அடுக்காகக் கொண்டு கருவியை அமைத்தல் இயல்பாயிற்று.

பல்வடிவக் கருவியின் அமைப்பு

ஜப்பானில் 1988இல் ஹருயாசு யோஷிசாகி வெளியிட்ட எல்.எச்.ஆர்க், உருசியாவில் 1993இல் யூஜின் ரோஷல் வெளியிட்ட ரார், 1999இல் ஐகர் பாவ்லவ் வெளியிட்ட 7-ஸிப் எனக் கருவிகளும் வடிவங்களும் பெருகின. ஒவ்வொரு வடிவத்திற்கும் ஒரு கருவியை வைத்திருத்தல் பயனருக்குச் சுமையாயிற்று. எனவே பல வடிவங்களையும் ஒரே இடத்தில் கையாளும் கருவி தேவைப்பட்டது. டிம் கியென்ட்சில் ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்திற்கென எழுதிய லிப்ஆர்க்கைவ் என்னும் நிரல் நூலகம் இதற்குத் தக்க சான்றாகும்.

இதன் அமைப்பில் மூன்று கூறுகள் குறிப்பிடத்தக்கன. முதலாவது, இனங்காணுதல். கோப்பின் பெயரிலுள்ள ஈற்றை மட்டும் நம்புதல் போதாது. பெயரை எவரும் மாற்றலாம். உள்ளே உள்ள பைட்டுகளே சான்று. ஜிஸிப் கோப்பு 31, 139 என்னும் இரு எண்களுடன் தொடங்கும். 1988ஆம் ஆண்டுத் தரநிலைக்கேற்ற டார் தலைப்பகுதியில் 257 பைட்டுகளுக்குப் பின் 'யூஸ்டார்' என்னும் சொல் அமைந்திருக்கும். லிப்ஆர்க்கைவில் ஒவ்வொரு வடிவத்திற்கும் உரிய பகுதி, தொடக்கப் பைட்டுகளை நோக்கி, இது தன்னுடையதாக இருக்கக்கூடிய உறுதியின் அளவை ஓர் எண்ணாகத் தெரிவிக்கும். மிகுதியான எண்ணைத் தந்த பகுதியிடம் பொதி ஒப்படைக்கப்படும்.

இரண்டாவது, அடுக்குப் பிரிவினை. சுருக்கத்தை அவிழ்க்கும் அடுக்கு வேறு. கட்டினை அவிழ்க்கும் அடுக்கு வேறு. புதிய சுருக்கமுறை ஒன்று தோன்றின், அதற்குரிய ஒரு பகுதியைச் சேர்த்தால் போதும். அதன்பின் டார் முதலிய வடிவங்கள் அனைத்தும் அதனுடன் இணைந்து இயங்கும்.

மூன்றாவது, பொதுப் பதிவு. எவ்வடிவத்திலிருந்து வரினும் கோப்பின் பெயர், அளவு, நேரம், அனுமதி ஆகியவற்றை ஒரே அமைப்பிலான பதிவாக மாற்றிக் கொள்ளுதல் இதன் பணி. இங்கேதான் இழப்பு நேர்கிறது. ஸிப் வடிவத்தின் அடிப்படை நேரக்குறிப்பு 1980ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகிறது. இரண்டு நொடிக்கு ஒருமுறையே மாறுகிறது. எந்நாட்டு நேரம் என்பதையும் கூறுவதில்லை. டார் பொதியை ஸிப் பொதியாக மாற்றும்போது, கூடுதல் புலங்களைப் பயன்படுத்தாவிடின், இத்தகைய செய்திகள் தேய்ந்து போகும். சுவடியைப் பெயர்த்தெழுதுவோர் மூலத்தின் ஓரக்குறிப்புகளை விட்டுவிடுவது போன்றது இது.

படித்தலும் எழுதுதலும் எல்லா வடிவத்திற்கும் ஒத்தன அல்ல என்பதும் கருதத்தக்கது. ரார் பொதியை அவிழ்க்கும் மூலநிரல் வெளியிடப்பட்டுள்ளது. ஆனால் அதனைக் கொண்டு ராரின் சுருக்கமுறையை மீளுருவாக்குதல் உரிமத்தால் தடுக்கப்பட்டுள்ளது. எனவே 7-ஸிப் ராரைப் படிக்கும், எழுதாது.

தமிழ்ப் பெயர்களும் பைட்டுகளின் எல்லையும்

பொதிவடிவங்களை வகுத்தோர் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்துகளாகவே எண்ணினர். ஸிப் பொதியில் பெயர்கள் ஐ.பி.எம். கணினியின் 437ஆம் குறியீட்டுப் பக்கத்தில் எழுதப்படும் என்பதே தொடக்க கால வழக்கு. தமிழில் திஸ்கி, 1999இல் தமிழக அரசு அறிவித்த தாப், தாம் எனப் பல குறியாக்கங்கள் வழங்கிய காலத்தில், பொதியிலுள்ள பெயர் எக்குறியாக்கத்தைச் சார்ந்தது என்பதைக் குறிக்க ஸிப் வடிவத்தில் இடமே இல்லை. 2006ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த 6.3 என்னும் இலக்கணப் பதிப்பிலேயே, பெயர் ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் உள்ளது எனச் சுட்டும் அடையாளம் வரையறுக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட பொதிகளைத் திறக்கும் கருவி ஊகித்தே ஆக வேண்டும். அல்லது பயனரைக் கேட்க வேண்டும். பின்னதே நேர்மையான அமைப்பு என்பது எம் கருத்து.

டார் வடிவத்தின் சிக்கல் அளவைச் சார்ந்தது. அதன் பெயர்ப்புலம் 100 பைட்டுகளே. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல்லில் உள்ள மூன்று எழுத்துகள் ஐந்து குறியீடுகளாகிப் பதினைந்து பைட்டுகளை நிரப்பும். ஆகவே ஆங்கிலப் பெயருக்கு நூறு எழுத்து இடந்தரும் புலம் தமிழுக்கு 33 குறியீடுகளையே தருகிறது. 1988ஆம் ஆண்டுத் தரநிலை அடைவுப் பெயர்களுக்கென மேலும் 155 பைட்டுகளைச் சேர்த்தது. 2001ஆம் ஆண்டுத் தரநிலையின் பேக்ஸ் வடிவமே நீண்ட பெயர்களை யுடிஎஃப்-8இல் எழுதும் வழியை முறைப்படுத்தியது.

மேலும் ஒரு நுட்பம் தமிழாசிரியர்கள் அறியத்தக்கது. 'கொ' என்னும் உயிர்மெய்யை ஒருங்குறியில் இரு வகையாக எழுதலாம். ககரத்துடன் ஒகரக் குறியை ஒன்றாக இடுதல் ஒரு முறை. எகரக் குறியையும் ஆகாரக் குறியையும் தனித்தனியே இடுதல் மற்றொரு முறை. முன்னது ஆறு பைட்டு. பின்னது ஒன்பது பைட்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பெயர்கள் கருவிக்கு வெவ்வேறானவை. ஆப்பிள் நிறுவனம் 1998இல் அறிமுகப்படுத்திய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கே கட்டிய பொதியைப் பிற கணினியில் அவிழ்க்கும்போது, ஒரே பெயருடையன போன்ற இரு கோப்புகள் அருகருகே தோன்ற இடமுண்டு. பெயர்களை ஒப்பிடும் முன் ஒரே வகைக்கு மாற்றும் கடமை கருவியினுடையது.

ஏ.சி.இ. நிகழ்வு தரும் பாடம்

பல வடிவங்களை ஏற்பது கருவியின் பொறுப்பையும் பெருக்குகிறது. 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் செக் பாயிண்ட் ஆய்வாளர்கள், வின்ரார் கருவியில் ஏ.சி.இ. என்னும் பழைய வடிவத்தைப் படிக்கும் பகுதியில் பெருங்குறை ஒன்றைக் கண்டறிந்து வெளியிட்டனர். பொதியிலுள்ள பெயரைத் தக்கவாறு அமைத்தால், பயனர் தெரிந்தெடுத்த அடைவுக்கு வெளியே, கணினி தொடங்கும்போதே இயங்கும் நிரல்களுக்குரிய இடத்தில் கோப்பை வைத்துவிட இயலும் என்பதே அக்குறை. ஏ.சி.இ. வடிவத்தை அவிழ்க்கும் அப்பகுதி பிறர் எழுதியது; 2005ஆம் ஆண்டிற்குப் பின் புதுப்பிக்கப்படாதது; அதன் மூலநிரல் வின்ரார் உருவாக்குநரிடம் இல்லை. திருத்த வழியின்மையால் அவ்வடிவத்திற்குரிய ஆதரவையே அவர்கள் நீக்கினர்.

இந்நிகழ்வு இக்கட்டுரையின் கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. 1979ஆம் ஆண்டு டார் பொதியை இன்றும் திறக்கலாம். அதன் அமைப்பு அனைவரும் அறிந்தது. அதற்குப் பல ஆண்டுகள் பிற்பட்ட ஏ.சி.இ. பொதியை வைத்திருப்போர் கருவியைத் தேடி அலைய வேண்டியுள்ளது. வடிவத்தின் வயது அதன் நிலைபேற்றைத் தீர்மானிக்கவில்லை.

எனினும் திறந்த மூலநிரல் ஒன்றே முழுக்காப்பு ஆகிவிடாது. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், டார் பொதிகளைச் சுருக்கப் பரவலாகப் பயன்படும் எக்ஸ்.ஸெட் நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் மறைவழி ஒன்று புகுத்தப்பட்டிருந்ததை ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் கண்டுபிடித்தார். மூலநிரல் வெளிப்படையாக இருந்தமையால் அக்குறையை ஆராயவும் விரைந்து நீக்கவும் முடிந்தது. ஆயின் பேணுவோரின் தொடர்ந்த கண்காணிப்பும் வேண்டும் என்பதை அது உணர்த்தியது.

நிறைவுரை

பல்வடிவப் பொதிகருவி என்பது முற்காலத்தார் கட்டிவைத்தவற்றைப் பிற்காலத்தார்க்கு அவிழ்த்துக் காட்டும் உரையாசிரியர் போன்றது. மூலநூலின் இலக்கணம் தெரிந்தவிடத்து அவ்வுரை துலங்கும். தெரியாதவிடத்து ஊகமாகவே எஞ்சும். 2023ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 11 இயங்குதளத்தில் டார், ரார், 7-ஸெட் பொதிகளைத் திறக்கும் வசதியைச் சேர்த்தபோது, தானே புதிதாக எழுதாமல் லிப்ஆர்க்கைவைப் பயன்படுத்தியமை, வெளிப்படையான பொதுநிரலின் பயனை எடுத்துக்காட்டுகிறது.

தமிழ்த் துறைகளும் பள்ளிகளும் கடந்த முப்பதாண்டுகளில் தட்டச்சிட்ட பாடநூல்கள், ஆய்வேடுகள், இதழ்கள் பலவும் பொதிக்கோப்புகளாகவே வட்டுகளில் உறங்குகின்றன. அவற்றைப் பேணுவோர் மூன்று செயல்களை மேற்கொள்ளுதல் நலம் பயக்கும். இலக்கணம் வெளியிடப்பட்ட வடிவங்களுக்கு அவற்றை மாற்றுதல் வேண்டும். மாற்றும்போது மூலப்பொதியை அழிக்காது உடன் வைத்தல் வேண்டும். பெயரும் உள்ளடக்கமும் எக்குறியாக்கத்தில் உள்ளன என்பதைத் தனிக்குறிப்பாக எழுதிச் சேர்த்தல் வேண்டும். அக்குறியாக்கங்களைக் கையாண்டோர் நம்மிடையே இருக்கும் இக்காலத்திலேயே இப்பணி நிறைவேறுதல் வேண்டும்.