குறட்டை: அயர்ந்த உறக்கமா, நோயின் அடையாளமா? ஒரு வரலாற்றுப் பார்வை

நம் வீடுகளில் குறட்டைக்கு இருவகை வரவேற்பு உண்டு. ஒன்று சிரிப்பு. மற்றொன்று, "பாவம், பகலெல்லாம் உழைத்த களைப்பு, அசந்து தூங்குகிறார்" என்னும் பரிவு. இரண்டுமே அதை நல்ல உறக்கத்தின் அடையாளமாகக் கொள்கின்றன. பலருடைய குறட்டை உண்மையிலேயே தீங்கற்றதுதான். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சிறுவராயிருந்தபோது, தம் சிறிய தாயாரும் நபியவர்களின் துணைவியாருமான அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஓர் இரவு தங்கினார்கள். அவ்விரவில் நபி (ஸல்) அவர்கள் உறங்குகையில் எழுந்த மூச்சொலி தமக்குக் கேட்டதாக அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. அங்கு ஆளப்படும் 'கதீத்' என்னும் அரபுச் சொல் குறட்டையையே குறிக்கும். ஆகவே, உறக்கத்தில் ஒலி எழுவதே நோய் என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் நோயாகும் குறட்டையும் உண்டு. அதைப் பிரித்தறிய மருத்துவ உலகிற்கு நெடுங்காலம் பிடித்தது. தாமதத்திற்குப் பெருங்காரணம் ஒன்றுதான்: மருத்துவர்கள் நோயாளியைப் பகலில் மட்டுமே பார்த்தார்கள்.

கருங்கடற் கரையில், இன்றைய துருக்கியின் எல்லைக்குள், ஹெராக்லியா என்றொரு பழைய நகரம் இருந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அதை ஆண்ட டயோனிசியஸ் மிகப் பருத்த உடலினர். அவர் ஆழ்ந்து உறங்கும்போதெல்லாம் நீண்ட ஊசிகளால் குத்தி எழுப்பும்படி மருத்துவர்கள் ஏற்பாடு செய்திருந்ததாகப் பழைய கிரேக்க நூல் கூறுகிறது. உறக்கமே அவருக்கு ஆபத்து என்பதை அம்மருத்துவர்கள் எப்படியோ உணர்ந்திருந்தனர். ஏன் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை.

பிறகு பல நூற்றாண்டுகள் கடந்து, 1836-37இல் ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் 'பிக்விக் பேப்பர்ஸ்' என்னும் நாவலைத் தொடராக எழுதினார். அதில் ஜோ என்றொரு பருத்த வேலைக்காரச் சிறுவன் வருகிறான். நின்றபடியே உறங்குவான், பணிவிடை செய்துகொண்டிருக்கும்போதே குறட்டை விடுவான். படித்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர். டிக்கன்ஸ் மருத்துவரல்லர், கண்ணால் கண்டதைத் தீட்டும் திறன் மட்டுமே அவரிடம் இருந்தது. ஆயினும் பின்னாளில் ஒரு நோய்க்கே அந்நாவலின் பெயரை மருத்துவர்கள் சூட்டும் அளவுக்கு அச்சித்திரம் துல்லியமாக அமைந்துவிட்டது.

இவ்வரலாற்றில் ஆசிரியப் பணியிலுள்ள நம்மை நின்று நிதானிக்கச் செய்வது 1889ஆம் ஆண்டுச் செய்தியாகும். இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹில் என்பவர், பள்ளிப் பிள்ளைகளின் மந்தத்தன்மைக்குரிய காரணங்களைப் பற்றி 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் எழுதினார். சோம்பேறி என்றும் மந்தபுத்தி என்றும் பெயரெடுத்த பிள்ளை, தலைவலியால் அவதிப்பட்டு, மூக்கால் மூச்சு விடாமல் வாயால் மூச்சு விட்டு, இரவில் குறட்டை விட்டுப் புரண்டு, காலையில் வறண்ட வாயுடன் எழுந்தால், அப்பிள்ளையை மருத்துவர் கவனிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. நம் மக்தபுகளில் ஃபஜ்ருக்குப் பின் ஓத வந்து, ரிஹாலின் முன் அமர்ந்தபடி தூங்கி விழும் பிள்ளைகளை ஹஜ்ரத்மார்கள் அனைவரும் கண்டிருப்பர். "இரவெல்லாம் கைப்பேசி பார்த்திருப்பான்" என்பதே நம் முதல் தீர்ப்பு. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். எனினும், சில பிள்ளைகளுக்குத் தொண்டையின் டான்சில் சதையும் மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையும் பருத்து, உறங்கும்போது காற்றின் வழியை அடைத்துவிடுகின்றன. அத்தகைய பிள்ளை எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் உறங்காத பிள்ளைதான். பிரம்பு அதற்கு மருந்தாகாது. ஹில் சுட்டிய இந்தத் தொடர்பு பல பதிற்றாண்டுகள் பொருட்படுத்தப்படாமல் கிடந்தது. 1976இல் கிறிஸ்டியான் கியோமினோவும் அவருடைய சகாக்களும் எட்டுப் பிள்ளைகளின் உறக்க மூச்சடைப்பைப் பதிவு செய்து வெளியிட்ட பின்னரே குழந்தை மருத்துவம் இப்பக்கம் முறையாகத் திரும்பியது.

பெரியவர்களிடம் இந்நோயைக் கண்ட கதை ஒரு சீட்டாட்ட மேசையில் தொடங்குகிறது. (சூது ஹராம் என்பது ஒருபுறமிருக்க, அம்மனிதரை மருத்துவரிடம் அனுப்பியது அந்த மேசைதான்.) அமெரிக்காவில் மிகப் பருத்த நிறுவன அதிகாரி ஒருவர், கையில் மூன்று ஏஸும் இரண்டு ராஜாவும் வந்திருந்த வேளையில், அந்த வெற்றிச் சீட்டுகளைப் பயன்படுத்தாமல் உட்கார்ந்தவாறே உறங்கிவிட்டார். அதன் பிறகே தமக்கு ஏதோ கோளாறு என மருத்துவமனைக்குச் சென்றார். சிட்னி பர்வெல் என்ற மருத்துவரும் சகாக்களும் 1956இல் அவரைப் பற்றி எழுதி, டிக்கன்ஸ் நாவலை நினைவுகூர்ந்து 'பிக்விக் நோய்க்குறி' என்று பெயரிட்டனர். உடற்பருமனால் இரத்தத்தில் கரியமில வாயு தேங்குவதே அத்தூக்கத்திற்குக் காரணம் என விளக்கினர். பகலில் பார்த்தவர்களுக்கு அவ்வளவே தென்பட்டது.

1965இல்தான் இரவு திறந்தது. பிரான்சின் மார்செய் நகரில் அன்ரி காஸ்டோவின் குழுவினர் இத்தகைய நோயாளியின் மூளை அலைகளையும் மூச்சையும் இரவு முழுதும் ஒருசேரப் பதிவு செய்தனர். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் யுங், கூலோ என்னும் இருவரும் தனியே அதே முடிவை எட்டினர். நோயாளி உறங்குகிறார், குறட்டை ஓங்குகிறது, திடீரென ஒலி நிற்கிறது. வீட்டார் "அப்பாடா, அமைதியாகத் தூங்குகிறார்" என்று நிம்மதி கொள்ளும் கணம் அது. உண்மையில் அக்கணத்தில்தான் அவர் மூச்சு நின்றிருக்கிறது. உறக்கத்தில் தளர்ந்த தொண்டைத் தசைகள் காற்று வழியை முற்றாக மூடிவிட, மார்பு காற்றுக்காகப் போராடுகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை அரைகுறையாக விழித்துத் தசைகளை இறுக்குகிறது. பெரும் திணறலோடு மூச்சு திரும்புகிறது. கடும் நோயாளிகளுக்கு இது ஓரிரவில் நூற்றுக்கணக்கான முறை நிகழ்கிறது. காலையில் அவருக்கு எதுவும் நினைவிருப்பதில்லை.

அதன்பின் ஆய்வுகள் விரைந்தன. இத்தாலியின் பொலோனா நகர மருத்துவர் எலியோ லுகாரேசி, அருகிலிருந்த சிறு நாடான சான் மரினோவில் 5,713 பேரிடம் தகவல் திரட்டி 1980இல் வெளியிட்டார். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வழக்கமாகக் குறட்டை விடுபவர். அவர்களிடையே உயர் இரத்த அழுத்தம் மற்றவர்களைவிட மிகுதியாயிருந்தது. சிரிப்புக்குரிய ஒலி இதயத்தோடும் தொடர்புடையது என்ற செய்தி அன்று புதிது.

சிகிச்சைதான் கடுமையாயிருந்தது. 1960களின் இறுதி முதல், கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயைத் திறந்துவிடும் அறுவை ஒன்றே நம்பத்தக்க வழி. அது நோயைத் தீர்த்தது. ஆனால் வாழ்நாளெல்லாம் கழுத்தில் குழாயோடு வாழ யார் விரும்புவர்? ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மருத்துவர் காலின் சல்லிவன் வேறொரு வழி கண்டார். வாக்குவம் கிளீனரின் மோட்டாரைக் காற்றை உறிஞ்சாமல் ஊதும்படி மாற்றி, மூக்கில் பொருத்திய முகமூடி வழியே மெல்லிய அழுத்தத்தில் இடைவிடாது காற்றைச் செலுத்தினார். அடைந்துபோகும் தொண்டையை அக்காற்றே தூணாக நின்று திறந்து வைத்தது. ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை 1981இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். இன்று 'சிபாப்' என்று மருத்துவர்கள் எழுதித்தரும் கருவியின் மூதாதை அதுவே.

இந்நோய் அரிதன்று என்பது 1993இல் தெளிவாயிற்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 30 முதல் 60 வயதுக்குட்பட்ட 602 அரசு ஊழியர்களின் உறக்கத்தைப் பதிவு செய்ததில், மூச்சு நிற்பதோ குறைவதோ மணிக்கு ஐந்து முறைக்குமேல் நிகழ்வோர் ஆண்களில் 24 விழுக்காடு, பெண்களில் 9 விழுக்காடு. பகல் தூக்கமும் சேர்ந்து நோயாக வெளிப்பட்டோர் முறையே 4, 2 விழுக்காடு. பருமன் இல்லாதவருக்கும் இது வரலாம். பெண்களைப் பொறுத்தவரை, குறட்டை விடுவதாகச் சொல்லவே வெட்கி மறைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, வாப்பாவின் குறட்டை இடையிடையே நின்று திணறலோடு மீண்டும் தொடங்குகிறதா, ஜும்ஆ குத்பாவிலும் வண்டி ஓட்டும்போதும் கண் சொக்குகிறதா, காலையில் தலை கனக்கிறதா, மருந்து உண்டும் இரத்த அழுத்தம் அடங்க மறுக்கிறதா என்று வீட்டார் கவனிப்பது நலம். இவற்றில் ஏதேனும் இருப்பின் காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ அணுகலாம். அவர்கள் இரவு உறக்கப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வர். சிலருக்கு வீட்டிலேயே கருவி பொருத்திப் பார்க்கும் வசதியும் இப்போது உண்டு. மருத்துவரிடம் தனியே அனுப்பிவிடக் கூடாது. "இரவில் மூச்சு நிற்கிறதா?" என்று மருத்துவர் கேட்டால், உறங்கியவரால் விடை சொல்ல இயலாது. அதே அறையில் உறங்கும் உம்மாவோ மகனோ உடன் செல்லட்டும். முந்தைய இரவின் ஒலியை ஓரிரு நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்து எடுத்துச் செல்லட்டும்.