ஒரே நகரம், இரு ஆயர்கள்

நம் இராயபுரம் புனித இராயப்பரின் பெயரைத் தாங்கிய ஊர். அவர் வழிவந்த திருத்தந்தையை ஏற்ற நம் முன்னோரே, இந்நகரில் நெடுங்காலம் இரு ஆயர்களின்கீழ்ப் பிரிந்திருந்தனர். 1606இல் உருவான மயிலை மறைமாவட்டம் போர்த்துக்கல் அரசின் ஆதரவில் இருந்தது. பின்னர் தோன்றிய சென்னை மறைமாவட்டம் உரோமையின் நேரடிப் பொறுப்பில் இருந்தது. விசுவாசம் ஒன்று, திருப்பலி ஒன்று. வழக்கோ அதிகாரம் பற்றியது. 1952 நவம்பர் 13 அன்று இரண்டும் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமாக இணைந்தன. லூயிஸ் மத்தியாஸ் அதன் முதல் பேராயரானார்.

ஆணை மறைமாவட்டங்களை இணைத்தது. மனங்களை இணைப்பது நம் பொறுப்பு. கடலுக்குப் போகிறவர்களும், துறைமுகத்திலும் எண்ணூர் ஆலைகளிலும் உழைப்பவர்களும், நேற்றுக் குடிவந்தவர்களும் ஒரே பீடத்தில் நற்கருணை பெறுகிறோம். அன்பியக் கூட்டத்திலும் திருவிழாக் குழுவிலும் எல்லாருக்கும் இடமுண்டா? வரும் ஞாயிறு திருப்பலியில், பேசாதிருக்கும் ஒருவருக்கு நாமே முதலில் சமாதானம் சொல்வோம்.