பதினோரு வருஷம் காத்திருந்த ஒட்டு

2016 அக்டோபர். தீபாவளிக்குப் பத்து நாள்கூட இல்லை. ஊருக்கு டிக்கெட் எடுத்து வச்சாச்சு. ஆணி புடுங்குற இடத்துல மேலாளர் கூப்பிட்டு, "ஏதோ டர்ட்டி கௌவாமே, நம்ம சர்வர்ல பேட்ச் போட்டாச்சா?"ன்னு கேட்டார். அழுக்கு மாடா? பேரைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. படிக்கப் படிக்க அது அடங்கிப்போச்சு.

லினக்ஸ் கெர்னலில் இருந்த ஓட்டை அது. பதிவு எண் சி.வி.இ-2016-5195. சாதாரணக் கணக்கு வச்சிருக்கிற யாரும், படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பில் எழுதி, அந்த வழியா ரூட் ஆகிவிடலாம். 'காப்பி ஆன் ரைட்' என்பதன் சுருக்கம்தான் அந்தக் 'கௌ'.

எப்படின்னு கேட்டா, தாலுகா ஆபீஸை நினைச்சுக்குங்க. மூலப் பத்திரத்தில் கை வைக்க விடமாட்டாங்க. கிறுக்கணும்னா நகல் எடுத்துத் தருவாங்க. குமாஸ்தா நகல் எடுத்து மேஜையில் வச்சு, 'நகல் எடுத்தாச்சு'ன்னு குறிச்சுக்கிறார். அந்த நொடியில் உங்க கூட்டாளி நகலை எடுத்துக் கிழிச்சுப் போடுறான். குமாஸ்தா திரும்பிப் பார்க்கிறார், மேஜையில் நகல் இல்லை. ஆனா 'எடுத்தாச்சு'ன்னு குறிப்பு இருக்கே! அதை நம்பி மூலப் பத்திரத்தையே நீட்டிடுறார். கெர்னல் செஞ்சது அச்சு அசல் இதேதான். ஒரு இழை எழுதிக்கிட்டே இருக்கணும், இன்னொரு இழை நகலைத் தூக்கி எறிஞ்சுக்கிட்டே இருக்கணும். ஆயிரம் தடவை தோத்தாலும் ஒரு தடவை ஜெயிச்சா போதும்.

இதைக் கண்டுபிடிச்சவர் பில் ஓஸ்டர். தன் சர்வருக்கு வந்த போக்குவரத்தைப் பதிவு பண்ணி வச்சிருந்தார், அதில்தான் தாக்குதல் நிரல் சிக்கியது. அதாவது ஒட்டு வர்றதுக்கு முன்னாடியே திருடன் உள்ளே வந்துட்டான்.

என்னை உட்கார வச்சது அந்த ஒட்டோடு லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியிருந்த குறிப்பு. இது பழைய வழு, பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நானே ஒரு தடவை சரி பண்ணப் பார்த்தேன், ஒழுங்காப் பண்ணலை, அப்புறம் அதுவும் திரும்ப எடுக்கப்பட்டதுன்னு ஒப்புக்கிட்டு, அந்த இரண்டு பழைய மாற்றங்களின் எண்களையும் கொடுத்திருந்தார். விடுவேனா? எண்ணைப் பிடிச்சுக்கிட்டே பின்னால் போனேன்.

2005 ஆகஸ்ட். லினஸ் ஓட்டையை அடைக்கிறார். ஐ.பி.எம். பெருங்கணினிகளின் எஸ்390 வகையில் அது சிக்கல் பண்ணுது. ஒரு பக்கம் எழுதப்பட்டதா இல்லையா என்ற அடையாளத்தை மற்ற கணினிகள் பக்க அட்டவணையில் வைக்கும், எஸ்390 அங்கே வைக்காது. அதனால் சில நாளிலேயே ஒட்டு பிய்க்கப்பட்டு வேறு வழி போடப்பட்டது. அந்த வேறு வழிதான் நம்ம குமாஸ்தாவின் 'எடுத்தாச்சு' குறிப்பு. அன்றைய வேகத்தில் இந்தப் பந்தயத்தில் ஜெயிக்கிறது ஏட்டளவில்தான் சாத்தியம்னு தோணியிருக்கு.

2013-ல் வந்த 3.9 பதிப்பில் எஸ்390-க்கும் அந்த அடையாளம் மென்பொருள் வழியா வந்துடுச்சு. தடை விலகியாச்சு. ஆனா பழைய ஒட்டை யாரும் திரும்பப் போய் எடுக்கலை. மூணரை வருஷம் அப்படியே கிடந்தது. ஓட்டை தெரியும், மருந்தும் தெரியும், இரண்டும் ஒரே ஏட்டில் இருந்தது. புரட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

இன்னொண்ணு. கெர்னலின் கிட் ஏடு தொடங்கியதே 2005 ஏப்ரலில்தான். லினஸின் முதல் ஒட்டு நாலைஞ்சு மாசம் முந்தி வந்திருந்தா, அந்த ஏட்டில் அது இருந்திருக்காது.

சரி, மேலாளருக்குப் பதில் சொல்லணுமே. எங்க சர்வர் டெபியன் 8. கெர்னல் பதிப்பு கேட்டா 3.16.0-4ன்னு சொல்லுது. மேம்படுத்தின பிறகும் அதே 3.16.0-4! வயித்தைக் கலக்கிடுச்சு. அப்புறம்தான் உறைச்சது, டெபியன்காரங்க பதிப்பை மாத்தமாட்டாங்க, பழைய கெர்னலிலேயே ஒட்டை மட்டும் தைப்பாங்க. பொதியின் முழு எண்ணைப் பார்த்தா 3.16.36-1+டெப்8யு2. அந்த வாலில் இருக்கிற '2'தான் ஒட்டு போட்டதுக்கு அடையாளம். மாற்றப் பதிவைத் திறந்து சி.வி.இ எண்ணைக் கண்ணால் பார்த்தபிறகுதான் 'போட்டாச்சு சார்'ன்னு சொன்னேன். சர்வரை மறுதுவக்கம் செய்யாம சொல்லக்கூடாது என்பது தனிப் பாடம்.

எங்களுக்காவது மாற்றப் பதிவு இருந்தது. ஆண்ட்ராய்டு போனிலும் இதே கெர்னல்தான். கூகுள் 2016 டிசம்பரில் ஒட்டு கொடுத்தது. அது போன் தயாரிப்பாளர் வழியா நம்ம கைக்கு வரணும். பல போன்களுக்கு வரவே இல்லை. 2017 செப்டம்பரில் இதே ஓட்டையைப் பயன்படுத்தின ஆண்ட்ராய்டு தீநிரல் ஒன்றை ட்ரெண்ட் மைக்ரோ வெளியில் சொன்னது. சிக்கினவங்களில் பெரும்பாலோர் சீனாவிலும் இந்தியாவிலும்.

கதை அதோடும் முடியலை. 2017 நவம்பரில், 2016-ல் போட்ட ஒட்டு பெரிய அளவுப் பக்கங்களின் விஷயத்தில் ஒரு இடத்தை விட்டுவிட்டதுன்னு தெரியவந்தது. சி.வி.இ-2017-1000405. அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் ஒட்டுக்கு ஒட்டு.

அன்னிலேர்ந்து எனக்கு ஒரு பழக்கம். நிரலில் எதையாவது திரும்ப எடுத்தா, ஏன் எடுத்தேன், எது சரியானா திரும்பப் போடலாம்னு இரண்டு வரி எழுதி வைக்கிறேன். சக ஆணிகள் சிரிக்கிறாங்க, சிரிக்கட்டும். லினஸே தன் தப்பை எண்ணோட எழுதி வச்சதாலதான் என்னால 2005 வரைக்கும் நடந்து போக முடிஞ்சது.

தீபாவளிக்கு ஊருக்குப் போய்ச் சேர்ந்தேனான்னு கேக்குறீங்களா? போனேன். பஸ்ஸில் தூக்கம் வராம செல்போனின் பாதுகாப்பு ஒட்டுத் தேதியைத் திறந்து பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம் :-(