மலாக்காச் செட்டிகள்

பினாங்கு வாசகர்க்குச் ‘செட்டி’ என்றவுடன் பினாங்கு வீதிக் கிட்டங்கியும் வட்டிக் கணக்குமே நினைவிற்கு வரும். மலாக்காச் செட்டிகள் அவர்களல்லர். நாட்டுக்கோட்டையார் இந்நாட்டிற் கடை வைப்பதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே, மலாக்காச் சுல்தான்களின் காலத்தில், சோழமண்டலக் கரையினின்றும் துணி கொணர்ந்து விற்ற வணிகரின் வழியினர் இவர். 1511 இல் அந்நகரைப் பிடித்த போர்த்துக்கீசியர், தமக்குத் துணைநின்ற நைனா சத்து என்னும் இந்து வணிகர்க்குப் பெண்டாகாரா என்னும் உயர்பதவி அளித்தனர். 1514 இல் அப்பதவி கைவிட்டுப் போகவே, அவர் தீப்பாய்ந்து உயிர் நீத்தார்.

கடல் கடந்து வந்தவர் பெரும்பாலும் ஆடவர். அவர்கள் மலாய், சாவக, பத்தாக், சீனப் பெண்களை மணந்தனர். பிள்ளைகள் தாய்மடியிற் கேட்ட மொழி மலாய். ஆகவே தமிழ் போயிற்று. தந்தையின் தெய்வங்கள் மட்டும் போகவில்லை. பிள்ளை, நாயக்கர், படையாச்சி என்பன இன்றும் பெயர்களின் பின்னே நிற்கின்றன. இத்தனை குலத்துத் தாய்மார் கலந்த குடியில் அப்பட்டங்கட்கு யாது பொருள் என்று நம் சாதிப் பெருமையாளர் சற்று எண்ணுக!

டச்சுக்காரர் ஆட்சியில் வாணிகம் நலியவே, காஜா பெராங்கில் குடியேறி உழவராயினர். 1781 இல், அதாவது பினாங்கில் லைட்டுத்துரை இறங்குவதற்கு ஐந்தாண்டுகட்கு முன்னரே, தெய்வநாயகம் செட்டி பொய்யாத விநாயகர்க்குக் கோயில் எழுப்பினார். மாரியம்மன் விழாவை இவர்கள் ‘டத்தோ சாச்சார்’ வழிபாடு என்பர். சாச்சார் என்பது மலாயில் அம்மைநோய். பெண்டிர் உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும்.

உருசிய நாட்டுத் தாகெசுத்தான் மலைகளில் கினூக் என்னும் குடியினர் சில நூற்றுவரே உளர். அண்டையாரின் அவார் மொழியும் உருசியமும் கற்றும், தம் மொழியை விட்டிலர். எளிதில் ஏறவியலா மலை அவர்கட்கு அரணாயிற்று. மலாக்காவோ உலகமே வந்திறங்கிய துறை.

“தமிழ் பேசாத இவரும் தமிழரோ?” என்று எள்ளுவாருண்டு. தோட்டங்களில் நம் தமிழ் தங்கியதற்குக் காரணம் நமது வீரமன்று. நம் பெண்டிர் உடன் வந்தனர், பள்ளிகள் எழுந்தன, அவ்வளவே. எள்ளுவோர் தம் வீட்டில் மக்களோடு எம்மொழியிற் பேசுகின்றனர் என்று கேட்டால், நகரத்தாருள் விடையிறுப்போர் சிலரே.

பொங்கலுக்கு முந்திய நாளில் மலாக்காச் செட்டிகள் ‘பார்ச்சு’ செய்வர். வாழையிலை விரித்து, முன்னோர்க்கு விருப்பமான உணவெல்லாம் படைத்து, உண்ண வருமாறு அழைப்பர். தமிழே பேசிய அம்முன்னோரை இவர்கள் அழைப்பது மலாய்மொழியில்.