இணையப் பகடிவதை: 100 ரிங்கிட்டிலிருந்து 10 ஆண்டுச் சிறை வரை

பொந்தியான் – டிக்டாக்கில் ‘ஈஷா’ என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி அப்பாகு, இணையப் பகடிவதைக்கு ஆளாகி 2024 ஜூலை 5ஆம் தேதி உயிரிழந்தார். அதற்கு முன்பே அவர் போலீசில் புகார் செய்திருந்தார். அவரைச் சீண்டிய குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்கு விதிக்கப்பட்ட அபராதம் வெறும் 100 ரிங்கிட். 1955ஆம் ஆண்டு சிறு குற்றச் சட்டத்தின் 14ஆவது பிரிவில் அதுவே உச்ச வரம்பு. நாடெங்கும் எழுந்த கொதிப்பு சட்டத்தை மாற்ற வைத்தது.

இப்போதைய நிலை என்ன?

குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரையிலான புதிய பிரிவுகள் 2025 ஜூலை 11 முதல் நடப்பில் உள்ளன. மனத்தைப் புண்படுத்தும் நோக்கில் மிரட்டினால், இழிவாகப் பேசினால் 3 ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். நோக்கம் இல்லாவிட்டாலும் பாதிப்பு ஏற்படக்கூடிய பேச்சுக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. தொல்லை கொடுக்கவென்று ஒருவரின் படம், முகவரி, தொலைபேசி எண்ணைப் பரப்புவதும் குற்றம். தூண்டுதலால் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றால், தூண்டியவருக்கு 10 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவிலும் அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. 2026 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள இணையப் பாதுகாப்புச் சட்டம், சமூக ஊடக நிறுவனங்களுக்கும் பொறுப்பைச் சுமத்துகிறது.

ஆனால் புகாரும் ஆதாரமும் இல்லாமல் சட்டம் நகராது. கோபத்தில் பதிவை அழித்துவிடாதீர்கள். கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரியும்படி திரைப்படம் பிடித்து வையுங்கள், இணைப்பையும் சேமியுங்கள். பதிலுக்குத் திட்டினால் நீங்களும் அதே பிரிவில் சிக்கலாம். பெக்கான் நானாஸ், பெனுட் என எங்கிருந்தாலும் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் செய்யலாம். எம்சிஎம்சி ஆணையத்திடமும் முறையிடலாம். பள்ளிப் பிள்ளை என்றால் ஆலோசக ஆசிரியருக்கும் தெரிவியுங்கள்.

“பக்கத்து லயத்துப் பையன்தானே” என்று தயங்கும் பெற்றோர் உண்டு. சீண்டியவர் 18 வயதுக்குக் கீழ் இருந்தால், 2001ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின்படி சிறார் நீதிமன்றமே விசாரிக்கும். தண்டிப்பதைவிடத் திருத்துவதற்கே அங்கு வழி அதிகம்.

பிள்ளை திடீரென கைப்பேசியைக் கண்டு அஞ்சினால், பள்ளிக்குப் போக மறுத்தால், கைப்பேசியைப் பறிப்பதற்கு முன் என்ன நடந்தது என்று கேளுங்கள். உடனடி உதவிக்கு 15999 தாலியான் காசே எண்ணை அழைக்கலாம்.