டார்ட்மூர் வெளியில் ஓர் அஞ்சற்பெட்டி

பாலாற்றைக் கடந்து மாதேசுவரன் மலைக்கு நடந்தே செல்லும் அடியார்க்குச் சென்றடைய ஒரு சந்நிதி உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியைத் தேடியே மக்கள் நடந்தனர். 1854-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி, கிரான்மியர் என்னும் சதுப்பிடத்தில் அதனை வைத்தார். ஊதாநிற ஹெதர்ப் பூக்களினூடே நடந்து அங்குச் சேர்ந்தோர் தம் பெயர்ச்சீட்டை அதில் இட்டனர்.

பின்னர்ப் புட்டி பெட்டியாயிற்று. முகவரி எழுதிய அஞ்சலட்டையை ஒருவர் அதில் வைத்துச் செல்வார். அடுத்து வருபவர் அதனை எடுத்துச் சென்று அஞ்சலில் சேர்ப்பார். இன்று குறிப்புகளைக் கொண்டு தேடிக் கண்டெடுக்கும் பெட்டிகள் அவ்வெளியில் பல. அவற்றில் முத்திரையும் வருகையேடும் இருக்கின்றன.

புதையலைக் கண்டவர் அதனைத் தமதாக்கிக்கொள்வதே உலக வழக்கம். முகமறியாதவர் கடிதத்தை உரியவரிடம் சேர்த்த அந்த நேர்மையையே நாம் இவ்வேட்டையின் புதையல் என்போம்.