நிலையம் மூடப்படும் முறை: ஆஸ்திரேலிய ஊரகப் பகுதிகளின் கைவிடப்பட்ட ரயில் நிலையங்களும் சைடிங்குகளும்

ஆஸ்திரேலியாவின் ஊரகப் பகுதிகளில் கைவிடப்பட்ட ரயில் நிலையங்களைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி பட்டியல் வடிவிலேயே அமைந்துள்ளது. நிலையத்தின் பெயர், திறந்த நாள், மூடிய நாள், தலைநகரிலிருந்து அதற்குள்ள தொலைவு ஆகியவை நிரல்படுத்தப்பட்டு, மூடியதற்குக் காரணம் என்ன என்ற கேள்விக்கு மோட்டார் வாகனம் என்ற ஒற்றை விடை தரப்படுகிறது. ரயில்வே ஆர்வலர்கள் பல்லாண்டுக் காலம் உழைத்துத் திரட்டிய அப்பட்டியல்கள் இல்லாமல் இத்துறையில் ஆய்வு செய்ய இயலாது. ஆயினும் ஒரு நிலையத்தின் முடிவை ஒரே தேதிக்குள் அடக்கிவிடும் அவற்றின் அமைப்பு, அம்முடிவு நிகழ்ந்த விதத்தை மறைத்துவிடுகிறது. ஊரக நிலையம் ஒரே நாளில் மூடப்படவில்லை என்பதும், நீராவி எஞ்சினுக்கு வேண்டிய தண்ணீர், சாக்கில் வந்த கோதுமை, அங்கேயே குடியிருந்த பணியாளர் என அதைத் தாங்கிநின்ற தேவைகள் ஒவ்வொன்றாக விலகிய பின்னரே ரயில் நின்றது என்பதும், சில மாநிலங்களில் சட்டப்படியான மூடல் ரயில் நின்று பல பத்தாண்டுகள் கழிந்தும் நிகழாமல் இருந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

முதன்மைத் தடத்திலிருந்து பிரிந்து, எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்கவோ சரக்கு ஏற்றவோ பயன்படும் பக்கத்தடமே சைடிங் எனப்படும். ஆஸ்திரேலிய ஊரகத்தில் அத்தடத்தோடு ஒரு பெயர்ப்பலகையும், தகரக் கொட்டகையும், சில இடங்களில் ஒரு குறும்மேடையும் சேர்ந்துவிட்டால் அந்த இடமே சைடிங் என்று வழங்கப்பட்டது. நிலைய அதிகாரி இல்லாத இத்தகைய இடங்களே எண்ணிக்கையில் மிகுதி. எழுதப்பட்ட வரலாற்றில் மிகக் குறைவாக இடம்பெற்றவையும் அவையே.

இவ்விடங்கள் தோன்றிய முறையை அறியாமல் அவை மறைந்த முறையை விளக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒவ்வொரு குடியேற்ற அரசும் தன் துறைமுகத்தை நோக்கியே ரயில் பாதைகளை அமைத்தது. விக்டோரியா 1600 மில்லிமீட்டர் அகலத்தையும், நியூ சவுத் வேல்ஸ் 1435 மில்லிமீட்டரையும், குவீன்ஸ்லாந்து 1067 மில்லிமீட்டரையும் தேர்ந்துகொண்டன. தெற்கு ஆஸ்திரேலியாவில் அகலப்பாதையும் குறுகிய பாதையும் கலந்தே வளர்ந்தன. உள்நாட்டு நிலத்தை உழவர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் அரசுத் திட்டத்தின் கருவியாகவே கிளைப்பாதைகள் போடப்பட்டன. ஐம்பதுக்கும் மேற்பட்ட புதிய பாதைகளுக்கு ஒரே வீச்சில் ஒப்புதல் தந்த விக்டோரியாவின் 1884ஆம் ஆண்டுச் சட்டத்தை மக்கள் ஆக்டோபஸ் சட்டம் என்றே அழைத்தனர். நியூ சவுத் வேல்ஸில் 1890களில் பொறியாளர் ஹென்றி டீனின் பொறுப்பில் முன்னோடிப் பாதைகள் எனப்பட்டவை அமைந்தன; சமவெளியில் மண்ணின் மேலேயே இலகுவான தண்டவாளங்களைப் பதித்து, ஜல்லியும் வேலியும் முடிந்தவரை தவிர்த்து, குறைந்த செலவில் அவை கட்டப்பட்டன. அவற்றின் பிற்கால நலிவுக்கான வித்து இந்தச் சிக்கனத்திலேயே இருந்தது என்று கொள்ள இடமுண்டு: கனமான எஞ்சினையோ பெரிய வேகன்களையோ தாங்க முடியாத பாதை, தன் காலத்துச் சரக்குக்கு மட்டுமே பொருந்தி நின்றது.

அச்சரக்கு பெரும்பாலும் கோதுமை. குதிரை வண்டியில் மூட்டையேற்றிச் செல்லும் உழவர் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவே சைடிங்குகளுக்கிடையேயான இடைவெளியைத் தீர்மானித்தது. ஆகவே கோதுமைப் பகுதிகளில் சில மைல்களுக்கு ஒரு சைடிங் வீதம் நெருக்கமாக அமைந்தது. கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்த சணல் சாக்குகளில் நிரப்பப்பட்ட கோதுமை, ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ள மூட்டைகளாகத் தடத்தின் ஓரம் அடுக்கப்பட்டுத் தார்ப்பாய் போர்த்தப்பட்டது. மூட்டை சுமக்கும் தொழிலாளர்கள் அறுவடைக் காலத்தில் கூட்டமாக வந்து தங்கினர். அவர்களை நம்பிக் கடைகள் தோன்றின.

வறண்ட உட்பகுதியில் நிலையத்தின் இருப்பை முடிவுசெய்தது தண்ணீர். தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கே சென்ற குறுகிய பாதை 1879இல் குவார்னையும், 1882இல் ஃபரினாவையும், 1884இல் மரீயையும், 1891இல் ஊட்னடாட்டாவையும், இறுதியாக 1929இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸையும் அடைந்தது. இவற்றுள் ஃபரினாவின் வரலாறு தனித்துக் காணத்தக்கது. நில அளவைத் தலைவர் ஜார்ஜ் கோய்டர் 1865இல் வரைந்த எல்லைக்கோட்டுக்கு வடக்கே நம்பத்தக்க மழை இல்லை என்பது அறியப்பட்டிருந்தும், 1870களின் நல்ல மழையாண்டுகளில் அரசு அக்கோட்டைத் தளர்த்தியது. கோதுமை விளையும் என்ற நம்பிக்கையில், மாவைக் குறிக்கும் லத்தீன் சொல்லை ஊருக்குப் பெயராகச் சூட்டினர். மழை பொய்த்தபின் அங்கே கோதுமை நிலைக்கவில்லை. ஆடு மாடுகளை ஏற்றும் இடமாக ஊர் சில பத்தாண்டுகள் நீடித்தது. ஃபரினாவின் வீழ்ச்சி லாரி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, நிலத்தைப் பற்றிய தவறான கணிப்பில் தொடங்கிவிட்டது என்பதை மோட்டார் வாகனக் கோட்பாட்டால் விளக்க இயலாது.

அதே பாதையில் கோவர்ட் ஸ்பிரிங்ஸ், கர்டிமுர்க்கா போன்ற நிலையங்கள் எஞ்சினுக்கு நீர் தருவதற்காகவே எழுந்தவை. நிலத்தடியில் அழுத்தத்துடன் தேங்கியிருக்கும் பேராழ்நீர்ப் படுகையைத் துளைத்து, 1886இல் கோவர்ட் ஸ்பிரிங்ஸில் ஆழ்துளைக் கிணறு தோண்டப்பட்டது. கிணற்றுநீரின் உப்புகள் கொதிகலனுக்குள் படிந்து அதைக் கெடுத்ததால், நீரை மென்மையாக்கும் கோபுரங்களை எழுப்ப வேண்டியிருந்தது. கர்டிமுர்க்காவில் அத்தகைய கோபுரம் இன்றும் நிற்கிறது. நீரேற்றி, கோபுரம், அவற்றைக் கவனிக்கும் ஆட்கள், பாதையைப் பழுதுபார்க்கும் கேங்மேன்கள், அவர்களுடைய குடும்பங்கள் என்று பாலைவனத்தில் ஒரு சிற்றூரே கூடியது. 1954இல் இப்பாதையில் டீசல் எஞ்சின்கள் ஓடத் தொடங்கியதும் தண்ணீர்த் தேவை அற்றுப்போயிற்று. ரயில் அதற்குப் பின்னும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. ஆனால் ஊர் இருப்பதற்கான காரணங்களுள் முதன்மையானது அன்றே முடிந்துவிட்டது. டார்கூலாவிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வெள்ளம் எட்டாத புதிய பாதை வெகுதூரம் மேற்கே 1980இல் திறக்கப்பட்டு, மரீக்கு வடக்கே பழைய பாதை கைவிடப்பட்டபோது முடிவுக்கு வந்தது, ஏற்கெனவே உள்ளீடற்றுப்போன ஒரு வரிசையே. பட்டியல்கள் 1980 என்று மட்டுமே குறிக்கின்றன.

நீரின் வரலாற்றில் மிகக் கனமான பகுதி ஊல்டியாவில் உள்ளது. போர்ட் அகஸ்டாவையும் கல்கூர்லியையும் இணைக்க 1912இல் தொடங்கிய கண்டம் கடக்கும் பாதையின் இரு முனைகளும் 1917 அக்டோபர் 17 அன்று இங்குதான் சந்தித்தன. நிலையத்துக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் மணற்குன்றுகளுக்கிடையே இருந்த ஊற்று, மேற்குப் பாலைநிலத்துத் தொல்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கூடி, பண்டமாற்றும் சடங்கும் நடத்திய இடம். களிமண் படுகையின் மேல் மணலில் தேங்கிய அந்நீரை ரயில்வே பெருமளவில் இறைத்து எடுத்தது. துளையிடும் பணியில் களிமண் அடுக்கு உடைந்து உவர்நீர் கலந்ததால் 1926ஆம் ஆண்டளவில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. 1919 முதல் 1935 வரை, தொல்குடி மக்களைப் பற்றி எழுதிவந்த டெய்சி பேட்ஸ் அங்கே கூடாரமிட்டுத் தங்கினார்; 1933இல் தொடங்கிய கிறித்தவ மிஷன் 1952இல் மூடப்பட்டபோது மக்கள் தெற்கே யலாட்டாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1941இல் மானுடவியலாளர்களான ரொனால்ட், கேத்தரின் பெர்ன்ட் இணையர் மேற்கொண்ட களஆய்வு இன்றி இம்மக்களின் அக்கால வாழ்வைப் பற்றி அறியக்கூடியது மிகவும் குறைந்திருக்கும். ரயில்வே பட்டியலில் ஊல்டியா ஒரு கடக்கும் தடம் மட்டுமே. தண்ணீரை எடுத்துத் தீர்த்தது அந்த நிறுவனமே என்பதும், அதன் விலையை நிலைய வரலாற்றுக்குள் சேர்க்கப்படாத மக்கள் செலுத்தினர் என்பதும் இத்துறையின் மிகப் பெரிய விடுபாடு.

அதே பாதையின் குக் நிலையம், பிரதமர் ஜோசப் குக்கின் பெயரைத் தாங்கியது. வேறு கடைகள் எட்டாத நுல்லார்பர் சமவெளியில், மளிகையும் இறைச்சியும் சம்பளமும் ஏற்றிவந்த டீ அண்ட் ஷுகர் என்ற வண்டியே சைடிங்குகளில் வாழ்ந்தவர்களுக்கு அங்காடியாகவும் வங்கியாகவும் இருந்தது. 1951இல் டீசல் வந்தது. கான்கிரீட் ஸ்லீப்பர்களும் பாதை பராமரிப்பு எந்திரங்களும் வந்தபின் கேங்மேன் குழுக்கள் குறைந்தன. 1996இல் அந்த வண்டி நின்றது. மத்திய அரசின் ரயில்வே தனியாருக்கு விற்கப்பட்ட 1997இல் குக் நகரம் மூடப்பட்டது. மருத்துவமனையும் பள்ளியும் இருந்த ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே எஞ்சினர். வண்டிகளோ இன்றும் எரிபொருள் நிரப்ப அங்கே நிற்கின்றன. ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிலையத்தின் ஊர் அழியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கோதுமைப் பகுதிகளில் இதே விலகல் வேறு வடிவில் நிகழ்ந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1933இல் கூட்டுறவு அமைப்பு ஒன்றும், விக்டோரியாவில் 1934இல் தானியக் கிடங்கு வாரியமும் தோன்றி, சாக்கை விலக்கிக் கோதுமையைக் கொட்டிச் சேமிக்கும் குதிர்கள் சைடிங்குகளில் எழுந்தன. மூட்டை சுமப்போரின் வேலை அறுவடைக்கு அறுவடை சுருங்கியது. தொடக்கத்தில் குதிர் சைடிங்குக்குப் புத்துயிர் தந்தது போலவே தோன்றியது. ஆனால் பத்து மைல் போய்த் திரும்ப நாள் முழுதும் எடுத்த குதிரைக்கு வகுத்த இடைவெளி லாரிக்குப் பொருளற்றுப்போனது. தானியச் சேமிப்பு, போக்குவரத்து குறித்த அரச ஆணையம் 1988இல் அறிக்கை தந்தபின், ஒரே பெருங்கிடங்கில் தானியத்தைக் குவித்து நீண்ட வண்டிகளில் ஏற்றுவதே வழக்கமாக, சிறு குதிர்கள் பூட்டப்பட்டன. விக்டோரியாவின் பிரிம் ஊரில் 1939இல் கட்டப்பட்டுப் பயன்பாடிழந்த குதிர்களின் மேல் 2016இல் ஓவியர் கைடோ வான் ஹெல்டன் உழவர்களின் உருவங்களைத் தீட்டினார். அவ்வோவியங்கள் பயணிகளை ஈர்ப்பது உண்மை. சைடிங்கின் உழைப்பு வரலாற்றை அவை பதிவுசெய்துவிட்டதாகக் கொள்வது பொருந்தாது.

லாரியின் பங்கும் இங்கே துல்லியமாக அளக்கப்பட வேண்டும். ரயில்வேயுடன் போட்டியிடும் சாலைச் சரக்குக்கு வரி விதிக்கும் சட்டத்தை நியூ சவுத் வேல்ஸ் 1931இல் இயற்றியது. மாநிலங்களுக்கிடையே வணிகம் தடையற்றது என்ற அரசியலமைப்பின் 92ஆம் பிரிவை ஏற்று, லண்டன் பிரிவி கவுன்சில் 1954இல் ஹியூஸ் அண்ட் வேல் வழக்கில், மாநில எல்லை கடக்கும் லாரிகளைப் பொறுத்தவரை அக்கட்டுப்பாட்டைச் செல்லாததாக்கியது. லாரி தானாகவே ரயிலை வென்றுவிடவில்லை; சட்டம் கட்டிய அணையை நீதிமன்றமும் பின்னர் அரசுகளுமே திறந்துவிட்டன.

பயணியர் வண்டிகளின் முடிவும் அரசு முடிவுகளின் தொடர்ச்சியே. டாஸ்மேனியாவில் 1978இல் அவை நின்றன. விக்டோரியாவில் 1972ஆம் ஆண்டின் பிளாண்ட் அறிக்கையும் 1980ஆம் ஆண்டின் லோனி அறிக்கையும் பெருமளவு குறைப்பைப் பரிந்துரைத்தன. 1981இல் பல ஊர்கள் வண்டியை இழந்தன. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊரகப் பயணியர் சேவைகள் 1990ஆம் ஆண்டு இறுதியோடு முடிந்தன. சரக்குக்கு மட்டும் எஞ்சிய பாதைகளில் ஐயர் தீபகற்பத்தின் பாதை 1907 முதல் 2019 வரை தானியம் சுமந்தது. நட்டம் ஏற்பட்டதால் மூடினர் என்ற விளக்கம் பொய்யன்று. ஆனால் கிளைப்பாதையில் ஏறிய மூட்டை துறைமுகம் வரை செலுத்திய கட்டணத்தில் எந்தப் பங்கைக் கிளைப்பாதையின் வருவாயாகக் கொள்வது என்ற கேள்விக்குத் தரப்படும் விடையைப் பொறுத்தே அந்த நட்டத்தின் அளவு அமைகிறது. கணக்கு முறையும் ஒரு கொள்கை முடிவே என்பதை வரலாற்றாசிரியர் மறக்கலாகாது.

மூடல் தேதி என்ற கருத்தைச் சட்டமும் சிக்கலாக்குகிறது. நியூ சவுத் வேல்ஸின் 1988ஆம் ஆண்டுப் போக்குவரத்து நிர்வாகச் சட்டத்தின்படி, தண்டவாளங்களை அகற்றுவதோ நிலத்தை விற்பதோ மூடலாகும். அதற்குச் சட்டமன்றத்தின் தனிச்சட்டம் வேண்டும். ஆகவே புதர் மண்டி, பாலங்கள் இற்றுப்போன பாதைகளும் இயங்காதவை என்றே வகைப்படுத்தப்பட்டுக் கிடக்கின்றன. டம்பரம்பாவுக்கு 1921இல் வந்த ரயில் 1974இல் நின்றது. ரோஸ்வுட்டுக்கும் டம்பரம்பாவுக்கும் இடையிலான 21 கிலோமீட்டரை மூடும் சட்டம் 2017இல்தான் நிறைவேறியது. 2020இல் அது மிதிவண்டிப் பாதையாயிற்று. கேசினோவிலிருந்து முர்வில்லம்பா செல்லும் பாதையில் 2004 மே மாதத்தில் வண்டி நின்றது. அதன் பகுதிகளை மூடும் சட்டம் 2020இல் வந்தது. 2023இல் ட்வீட் பள்ளத்தாக்குப் பகுதி மிதிவண்டிகளுக்குத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ரயிலை மீட்கக் கோரியோரும் நடைபாதை கேட்டோரும் மோதிக்கொண்டது, அப்பாதை அங்குள்ள மக்களுக்கு இன்னும் முடிந்துபோன ஒன்றாக இல்லை என்பதையே காட்டுகிறது.

எனவே இனித் தொகுக்கப்படும் நிலைய வரலாறுகள் ஒரே மூடல் தேதியோடு நில்லாமல், நீரேற்றி நின்ற ஆண்டு, கடைசிக் குடும்பம் வெளியேறிய ஆண்டு, குதிர் பூட்டப்பட்ட ஆண்டு, கடைசிப் பயணியும் கடைசிச் சரக்கும் ஏறிய ஆண்டுகள், தண்டவாளம் அகற்றப்பட்ட ஆண்டு, சட்டம் மூடியதாக அறிவித்த ஆண்டு ஆகியவற்றைத் தனித்தனியே குறித்தாக வேண்டும். சைடிங்குகளில் வளர்ந்த கேங்மேன் குடும்பத்தினரும், ஊல்டியாவிலிருந்து பெயர்க்கப்பட்டோரின் வழித்தோன்றல்களும் தங்கள் நினைவைச் சொல்ல முன்வரும் காலத்திலேயே அதைப் பதிவுசெய்யும் பொறுப்பை ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களும் மாநில ஆவணக்காப்பகங்களும் ரயில்வே வரலாற்றுச் சங்கங்களும் ஏற்க வேண்டும்.